எட்டு வாரத்துக்கு ஒரே கேசட்

சீனு சார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைத்தான் லீனாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மல்லேஸ்வரத்தில் மாடி ஆபீஸ். சுவர் முழுக்க அவர் தயாரித்த டிவி நாடகங்களின் படங்கள். தொண்ணூற்றொன்றில் எட்டு வாரம் ஓடிய 'கெம்பு கிடகி', அதாவது 'சிவப்பு ஜன்னல்' என்ற கன்னட நாடகமும் அதில் இருந்தது. சிவப்பு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பாள். அந்தக் காலம் மாதிரி வருமா, அந்த இசைக்கு ஈடு உண்டா, இப்போது வருவதெல்லாம் நாடகமா என்று மனிதர் உருகினார். அடுத்த மாதம் அந்தப் பொற்காலத்துக்கு விழாவே எடுக்கப்போகிறாராம். எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? லீனா கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கெம்பு கிடகியின் டைட்டில் இசை அவளுடைய அப்பா ஃபிராங்க்ளின் போட்டது. வயலினும் அவரே. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவுப் பூசையில் பாடகர் குழு அந்த இசையை வாசிக்க வேண்டும். ஒரு காப்பி போட்டுக் கொடுப்பாரா?

மாஸ்டர் டேப்பே இல்லை என்றார் சீனு சார்.

"டேப் விலை அப்போ ரொம்ப ஜாஸ்திம்மா. அதுமேலயே வேற ரெகார்டு பண்ணிட்டோம்."

மழை வந்தது, துணியை எடுத்துவிட்டோம் என்பதுபோல்தான் சொன்னார். வேறு என்றால் என்ன? பிரஷர் குக்கர் விளம்பரம். அப்பாவின் வயலின் மேல் குக்கர் ஏறி உட்கார்ந்து விசிலடித்திருக்கிறது. தன் கையாலேயே கழுத்தை நெரித்துவிட்டு, ஒப்பாரியும் தானே வைக்கிற ஆளை என்ன சொல்வது? லீனா படியிறங்கினாள். வீட்டு போன் நம்பரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தது மரியாதைக்கு.

லிங்கராஜபுரம் வந்து சேரும்வரை ஆட்டோவில் அந்த இசையை முனகிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஃபிராங்க்ளின் எதையும் எழுதிவைக்கிற ஆள் இல்லை. காதில் விழுந்ததைக் கையில் பிடிப்பார், அவ்வளவுதான். கோயில் பாடகர் குழுவை நடத்தும் ரெமிஜியஸ் அங்கிள் அவருக்கு உயிர்ச் சிநேகிதர். அவரைக் கேட்டால் முதல் வரியைக் கச்சிதமாக வாசிக்கிறார். அதற்குப் பிறகு விரல் தடுமாறி மாதா பாட்டுக்குள் போய்விடுகிறது. லீனாவுக்கும் அதே கதிதான். நாடகம் வந்தபோது அவள் வேலூரில் நர்ஸிங் ஹாஸ்டலில் இருந்தாள். லீவுக்கு வரும்போது அப்பா வாசிக்கக் கேட்டதோடு சரி.

வீட்டில் அம்மா பிரிஜெட் முறத்தை மடியில் வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். லீனா செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டித் தீர்த்தாள். ஒரு டேப் என்ன விலை இருக்கும், அதை மிச்சம் பிடித்துக் கோட்டையா கட்டினான், மனுஷன் உயிரைக் கொடுத்து வாசித்ததை அழித்தவன் கை விளங்குமா, கஞ்சப் பிசினாறி என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பிரிஜெட்டின் கை மட்டும் உரிப்பதை நிறுத்தியது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மேலே அவள் கையெழுத்திலேயே நாடகத்தின் பெயர்.

லீனா அதைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு வருஷமாக இதற்குத்தானே அலைகிறாள்! குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த பழைய வி.சி.ஆர். இருமியபடி அதை விழுங்கிக்கொண்டது.

சிவப்பு ஜன்னல் திறந்தது. அந்தப் பெண் பேசினாள். முதல் வாரம் எடுத்த எடுப்பில் கதைக்குள் போய்விட்டது. ஓட்டிப் பார்த்தால் இரண்டாம் வாரமும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான்.

"டைட்டில் எங்க மம்மி?"

"ஒரே கேசட்ல எட்டு வாரமும் அடங்கணும்னு வுட்டுட்டோம். அட்வர்டைஸ்மெண்டும் டைட்டிலும்."

"டாடி மியூசிக்கையா? டாடி பேரும் அதுலதானே வரும்?"

பிரிஜெட் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கதை போனா திரும்ப வராது. மியூசிக் போட்டவரு வீட்லயே இருக்காரு, கேட்டா வாசிக்க மாட்டாரான்னு நெனச்சேன்."

லீனாவுக்கு வாய்வரை வந்தது. ஆனால் திட்டுவதற்கு இருந்த வார்த்தைகளை எல்லாம் சற்றுமுன்தான் தீர்த்திருந்தாள். அவை எல்லாம் இந்த வீட்டுக்குள்ளேயேதான் கிடந்தன.

"ரிமோட் அவரு கையிலதான் இருந்துச்சு," என்றாள் பிரிஜெட். "நான்தான் நிறுத்துங்கன்னு சொல்லுவேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல."

அப்பாமேலும் கோபம் வந்தது. தன் பெயரைத் தானே அமுக்கிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பாராம், நல்ல மனுஷன்! அந்தக் கோபத்தோடுதான் லீனா மறுபடி முதலிலிருந்து போட்டாள். அப்போதுதான் கேட்டது. ஜன்னல் திறப்பதற்குச் சற்று முன்னால் வயலினின் ஒரே ஓர் இழுப்பு. அடுத்த வாரத்திலும் அது இருந்தது. எட்டு வாரமும் இருந்தது. மனைவி சொன்னபடி ரெகார்டிங்கை நிறுத்தியவர், ஒவ்வொரு வாரமும் டைட்டில் முடியக் கொஞ்சம் முன்னாலேயே மறுபடி ஓடவிட்டிருக்கிறார். கடைசி இழுப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பிரிஜெட் அதைக் கேட்டதும் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. சீனு சார். வீட்டில் கேசட் இருக்கிறதென்று ராத்திரி லீனா சொன்னதை ரெமிஜியஸ் அங்கிள் அவர் காதில் போட்டுவிட்டாராம். உலகத்திலேயே ஒரே காப்பியாம், அதைக் கொடுத்தால் விழாவுக்கு உயிர் வந்துவிடுமாம். குரல் மறுபடி தழுதழுத்தது.

"டேப் விலை அப்போ ரொம்ப ஜாஸ்தி சார்," என்றாள் லீனா. "அதுமேலயே வேற ரெகார்டு பண்ணிட்டோம்."

போனை வைத்ததும் பிரிஜெட் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சொன்ன பொய்க்குப் பூசைக்கு முன்னாடி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடு," என்றாள்.

லீனா பண்ணவில்லை. ரெமிஜியஸ் அங்கிளிடம் போய் முதல் வரியையும் கடைசி இழுப்பையும் மட்டும் வாசிக்கச் சொன்னாள். நடுவில் அழகாக ஏதாவது இட்டு நிரப்பித் தருகிறேனே என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். அழிந்தது அழிந்ததாகவே தெரியட்டும், கூடவே கூடாது என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முதல் வரி முடிந்ததும் அவருடைய வயலின் வில் அந்தரத்தில் நின்றது. வாசிக்க மறந்துவிட்டாரோ என்று ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று லீனா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரிஜெட் தலையைத் தூக்கவே இல்லை.