அந்த வரியில் நிறுத்தம் இல்லை

வானொலி நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மறுபடியும் இடது தோளைத் தேய்த்தாள். இந்தப் பக்கம் அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

“சார், ஒயர் இழுக்குது. கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கங்க,” என்றாள் கருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்.

அவர் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேரடி ஒலிபரப்பு. உள்ளே கேள்வி கேட்கும் இளைஞன், இவர் மனைவி, அவள் நடிக்கும் நாடகக் குழுவின் இயக்குநர். நானூறு வருடப் பழைய ஆங்கில நாடகங்களையே நம் மொழியில் போட்டுப் பேர் வாங்கிய குழு அது. அதன் கலைஞர்களை வாரம் ஒருவராக வானொலியில் பேச வைத்தார்கள். இந்த வாரம் அவள் முறை. இயக்குநர் எல்லா வாரமும் வந்துவிடுவார்.

காலையில் தலை வாரும்போதே தோள் வலிக்கிறது என்றாள். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இவர் சொன்னதற்கு, “வலி எங்கயும் ஓடிடாது. ரேடியோக்காரங்க ஓடிடுவாங்க,” என்று சேலை மடிப்பை நீவிக்கொண்டே வாசலுக்கு நடந்தாள். டாக்ஸியில் அவள் நெற்றியில் வேர்த்திருந்ததை இவர் பார்த்தார். ஜன்னலை இறக்கிவிட்டார்.

“இத்தனை வருஷத்துல நீங்க அதிகமா செஞ்ச பாத்திரம் எதும்மா?” என்று இளைஞன் கேட்டான்.

“பொணம்,” என்றாள்.

கருவிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நெஜமாத்தாங்க. ராணி, தோழி, மந்திரி பொண்டாட்டின்னு எது குடுத்தாலும் பாதி நாடகத்துல என்னைச் சாகடிச்சுடுவார் எங்க டைரக்டர். சாகறது சுலபம். செத்தப்புறம் மூச்சு விடறது தெரியாமக் கிடக்கணும் பாருங்க, அதான் பிராணன் போகும். கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரர் முதல் தடவையா நாடகம் பாக்க வந்தார். நான் மேடையில செத்துக் கிடக்கேன். மனுஷன் எந்திரிச்சு, ஆளுங்க காலையெல்லாம் மிதிச்சுக்கிட்டு, மேடை மேல ஏறி என்னை உலுக்கறார். நான் கண்ணை மூடிக்கிட்டே ‘போங்க, போங்க’ங்கறேன். ஜனம் சிரிச்ச சிரிப்புல திரையை இறக்கிட்டாங்க.”

உள்ளே மூவரும் சிரித்தார்கள். இளைஞன் கண்ணாடி வழியாக இவரைப் பார்த்துக் கையாட்டினான். இவரும் சிரித்து வைத்தார். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர் அவர். குழுவின் ராஜாக்களுக்கும் கொலைகாரர்களுக்கும் கோணல் பல் அவர் கைவேலைதான். ஆனாலும் ஒத்திகைக்குப் போனால் இன்னும் யாராவது, “பல்லு மாமா, இன்னிக்கு மேடைக்கு வருவீங்களா?” என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

“ஒரு ராணி சாகிற இடத்தை எங்களுக்காகப் பேசிக் காட்டுங்களேன்,” என்றான் இளைஞன்.

அவள் மைக்கை நெருங்கினாள். விஷம் குடித்த ராணி மகனைத் தேடும் வசனம். அடுப்படியில், துணி மடிக்கையில், டாக்ஸியில் என்று இவர் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது. இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியின் நடுவில் நின்றது.

கருவிப் பெண் கண்களை மூடிக்கொண்டாள். “அடடா, என்ன நிறுத்தம்,” என்று முணுமுணுத்தாள்.

அந்த வரியில் நிறுத்தம் இல்லை.

அவர் எழுந்துவிட்டார். கை கதவின் பிடியில் இருந்தது.

“சார், சார்! லைவ் போகுது. திறந்தா எல்லாம் உள்ள கேக்கும். இதோ முடியப் போகுது, ப்ளீஸ்.”

உள்ளே அவள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இவரை நிமிர்ந்து பார்த்தாள். தலையை அசைத்தாளா, அல்லது மூச்சுக்காகத் தலையைத் தூக்கினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பிடி உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. ஹெட்ஃபோனில் மீதி வரி வந்தது. முழுதாக, தெளிவாக. இயக்குநர் கைதட்டினார். இளைஞன் நன்றி சொல்ல ஆரம்பித்தான்; சொல்லிக்கொண்டே இருந்தான்.

சிவப்பு விளக்கு அணைந்ததும் கதவைத் தள்ளினார்.

“எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டபடி வெளியே வந்தாள். முகம் மாவுபோல் வெளிறியிருந்தது. தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, “கொஞ்சம் தண்ணி,” என்றாள். அவர் பாட்டிலைத் திறப்பதற்குள் அவர் தோளில் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர்கள் ஓடியதும், பிறகு உள்ளிருந்து யாருமே ஓடிவராததும் அவருக்கு நினைவிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாக்கியத்தை அப்படியே விட்டார்.

சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழு ஆட்கள் வந்து சுவரோரம் நின்றார்கள். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார்.

“அந்த நிறுத்தம்... நான் சொல்லித் தந்ததில்ல மாமா. அவளே வெச்சா. எத்தனை பேர் போன் பண்ணிப் பாராட்டினாங்க தெரியுமா?”

அவர் எதிர்ச் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்குமுன் மகள் வந்து சேர்ந்தாள். வேலை பார்க்கும் ஊரிலிருந்து பஸ். தோளில் பை அப்படியே இருந்தது. உள்ளே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். இயக்குநர் எழுந்து இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.

“ஆபீஸ்ல போன்ல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்பா. அம்மா நடுவுல நிறுத்தினாங்களே...”

“ம்.”

“அது நடிப்பில்ல, இல்ல?”

“இல்லம்மா.”

“உனக்கு அப்பவே தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. கதவுல கை வெச்சேன்.”

மகள் அடுத்த வாக்கியத்துக்காக நின்றாள். அவர் வலது கையை மடியில் வைத்து, உள்ளங்கையை மேலே திருப்பினார், பிறகு மூடிக்கொண்டார். தாழ்வாரக் கோடியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் பையைக் கீழே வைத்தாள். அவர் கால்கள் ஷூவுக்குள் வீங்கிப் பிதுங்கியிருந்தன. அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு கயிற்றை இழுத்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. குனிந்து, நகத்தால் அதை நெம்ப ஆரம்பித்தாள்.