வாங்குபவர் ஸ்வென்போரில் இருக்கிறார்

பேராசிரியர் குனில்லா பிரோர்சன் சீட்டுக் குலுக்கிப் போட்டதில், ஹாம்புஸின் ஆய்வேட்டுக்கு எதிராளியாக வந்து விழுந்தது ரிக்கேவின் பெயர். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வணிகச் சட்ட முதுகலை முடிக்கிறவர்கள் இந்தக் கண்டத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்து, எல்லார் முன்னாலும் ஒரு மணி நேரம் பிய்த்து உதற வேண்டும். பிய்க்கிறவருக்கும் மதிப்பெண் உண்டு. பிய்படுகிறவர் கேக் கொண்டுவர வேண்டும். இப்படியொரு ஏற்பாட்டை யோசித்தவர் கல்யாண வீட்டில் சம்பந்திகளை மூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற ரகமாகத்தான் இருந்திருப்பார்.

குனில்லாவுக்கென்று தனிச் சட்டம் ஒன்றும் இருந்தது. ஆய்வேடு எதிராளியின் கைக்குப் போன நிமிஷத்திலிருந்து செமினார் முடிகிறவரை இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விட்டால் இருவருக்குமே இலையுதிர் காலத்தில் முதலிலிருந்து ஆரம்பம்.

"சாப்பாட்டைப் பத்திப் பேசலாமா, குனில்லா?" என்று ஹாம்புஸ் கேட்டான்.

"ஆய்வேட்டுல சாப்பாடு வருதா?"

"ஆப்பிள் வருது."

"அப்ப ஆப்பிளைப் பத்தியும் பேசாதே."

சிரமம் என்னவென்றால், இருவருக்கும் ஒரே விடுதி, ஒரே தாழ்வாரம், ஒரே சமையலறை. இரண்டு வருஷமாக அந்தச் சமையலறையில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். ரிக்கே டென்மார்க்காரி. தெற்கே ஸ்வென்போரில் அவள் அப்பா பிரேபென் ஜாம் காய்ச்சி விற்கிறார். ஹாம்புஸ் இந்தப் பக்கம் ஸ்வீடனின் ஷீவிக் ஊர்க்காரன், ஆப்பிள் தோட்டக்கார மாமாவிடம் வளர்ந்தவன். டென்மார்க்காரர்கள் தொண்டையில் கஞ்சியை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பான் அவன். ஸ்வீடன்காரர்கள் சிரிப்பதற்கும் டோக்கன் எடுத்து வரிசையில் நிற்பார்கள் என்பாள் இவள். இதற்கு மேல் எதுவும் இருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது இருந்தது, வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஆய்வேடு வந்தது. தொண்ணூற்றாறு பக்கம். ரிக்கே ரை ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

விஷயம் அவளுக்குத் தெரிந்ததுதான். இன்னொரு நாட்டிலிருந்து பழம் வாங்குகிறவர், பெட்டியில் அழுகல் இருந்தால் எத்தனை நாளுக்குள் விற்றவரிடம் சொல்ல வேண்டும்? ஒரே ஒரு கற்பனை விற்பனையை வைத்து முழு ஆய்வேட்டையும் கட்டியிருந்தான். விற்பவர் ஷீவிக்கில் தோட்டக்காரர். அவளுக்குத் தெரிந்தவரை வாங்குபவர் ஜெர்மனியில், லூபெக்கில். ஏப்ரலில் குனில்லா படித்துத் தலையாட்டியது அந்த வடிவத்தைத்தான்.

பதினோராம் பக்கத்தில் பென்சில் நின்றது. "வாங்குபவர், ஸ்வென்போரில் உள்ள ஒரு ஜாம் தயாரிப்பாளர்." அடுத்த பக்கத்தில், "வாங்குபவர் நேர்மையானவர், ஆனால் வந்த பெட்டியை உடனே திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர்." அது அப்படியே அவள் அப்பா. யாருமில்லாத சமையலறையில் ரிக்கே வாய்விட்டுச் சிரித்தாள். கணினியில் தேடிப் பார்த்தாள். எண்பத்து மூன்று இடத்தில் அவள் ஊர் இருந்தது. கடைசி இரண்டு வாரத்தில் உட்கார்ந்து லூபெக்கை எடுத்துவிட்டு ஸ்வென்போரைப் போட்டிருக்கிறான். நெஞ்சுக்குள் என்னவோ இதமாக இருந்தது. ரொட்டியை மறந்துவிட்டு அந்தப் பக்கத்தையே இன்னொரு தரம் படித்தாள்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. "இந்த விற்பனைக்கு வியன்னா உடன்படிக்கை பொருந்தும்" என்று எழுதியிருந்தான்.

பொருந்தாது. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரருக்குச் சரக்கு விற்றால் எந்த விதி என்று சொல்வதுதான் வியன்னா உடன்படிக்கை. அதில் சேரும்போதே ஸ்வீடன், டென்மார்க் உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகள் ஐந்தும், தொண்ணூற்று நான்காம் பிரிவைக் காட்டி, எங்களுக்குள் நடக்கும் விற்பனைக்கு இது வேண்டாம், எங்கள் சட்டங்கள் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஒதுங்கிக்கொண்டன. ஸ்வீடன்காரர் ஜெர்மனிக்கு விற்றால் பொருந்தும், டென்மார்க்குக்கு விற்றால் பொருந்தாது. முதல் பருவத்துப் பிள்ளைகளுக்கே தெரிந்த சங்கதி. ஹாம்புஸுக்கும் நன்றாகத் தெரியும். ஊர்ப் பெயரை மாற்றுகிற குஷியில் நாடு மாறிப்போனதைக் கவனிக்கவில்லை. இருபத்து மூன்றாம் பக்கத்துக்கு அப்புறம் உள்ள எல்லாமே அந்தரத்தில் நின்றது.

மால்மோவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம் ஆகஸ்டிலிருந்து அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஜூன் பத்தாம் தேதிக்குள் தேறியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். செமினார் செவ்வாய்க்கிழமை. நடுவில் ஐந்து நாள், வாயைத் திறக்கக் கூடாது. குறை கண்டால் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்று தொண்ணூற்றாறு பக்கம் எழுதியவனிடம் அவன் குறையைச் சொல்ல வழியில்லை. ரிக்கேவுக்குக் குனில்லா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளியும் சனியும் அவள் சமையலறைப் பக்கம் போகவில்லை. அறையிலேயே காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பசி தாங்காமல் போனபோது, அவன் அடுப்பில் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தான்.

"உசுரோட இருக்கியா? நான் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கிடலாம்னு பார்த்தேன்" என்றான்.

"வேலை இருந்துச்சு."

"முகம் ஏன் இப்படி இருக்கு? அவ்வளவு மோசமாவா இருக்கு என்..."

"ஹாம்புஸ், வாயை மூடு."

"நான் உருளைக்கிழங்கைச் சொன்னேன்."

அவன் ஒரு தட்டில் போட்டு, மேலே முட்டையும் வைத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான், ஊர்ப் பெயரைப் பார்த்தாளா, பிடித்ததா என்று தெரிந்துகொள்ளத் தவிக்கிறான் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவளால் நிமிர முடியவில்லை. முட்டையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். முதுகுக்குப் பின்னால் அவன் முகம் எப்படித் தொங்கியிருக்கும் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அவளால் சொல்ல முடிந்தது. அது அவளை அன்று முழுக்க வாட்டியது.

சாயங்காலம் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். பிரேபென் முழுக் கதையையும் கேட்டார். அவருக்கு முதலில் பெருமைதான் வந்தது.

"நம்ம ஊரா? எண்பத்து மூணு தடவையா?"

"அதுதான்ப்பா பிரச்சினையே."

"நான் ஸ்வீடன்காரங்ககிட்ட வாங்கறப்ப எந்த வியன்னாவையும் கேட்டதில்லம்மா. ஃபோன் பண்ணி அனுப்புடான்னா அனுப்புவான்."

"அதைத்தான் சட்டமும் சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஒண்ணும் அந்நியம் இல்லையாம்."

"அப்ப சொல்லாம விட்டுடேன். இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

"நான் படிச்சேனே."

"நீ படிக்கணும்னுதானே அவன் எழுதியிருக்கான்" என்றார் பிரேபென். அதைச் சொல்லிவிட்டு, ஸ்ட்ராபெரிக்கு இந்த வருஷம் மழை போதவில்லை என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

விட்டுவிடலாம் என்றுதான் ரிக்கேவும் முதலில் நினைத்தாள். அடிக்குறிப்பில் புள்ளி இல்லை, நூற்பட்டியலில் ஆண்டு தப்பு என்று ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். குனில்லா ஏப்ரலிலேயே படித்துவிட்டதால் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு விட்டாலும் விடுவார். ஆனால் ஆய்வேடு யாரும் எடுத்துப் படிக்கிற இடத்தில் காலத்துக்கும் கிடக்கும். மால்மோ அலுவலகத்தில் யாராவது ஒருநாள் அதைத் திறந்து, சிரித்துக்கொண்டே அவனிடம் காட்டுவார்கள். அப்போது அவன் முதலில் நினைக்கப்போவது, ரிக்கே இதைப் பார்த்தும் சும்மா இருந்தாள் என்பதைத்தான். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவள் அவனை ஏமாற்றியதாக ஆகும். திங்கட்கிழமை குறிப்புகளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தீர்மானித்துக்கொண்டாள். தீர்ப்பாகச் சொல்ல மாட்டாள், கேட்பாள். அவனே கண்டுபிடிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேர் கூடினார்கள். மர்சிபான் என்கிற பச்சைப் பாதாம் விழுது போர்த்திய கேக் ஜன்னலோரம் இருந்தது. ஹாம்புஸ் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். ரிக்கே முறைப்படி ஆய்வேட்டைச் சுருக்கிச் சொன்னாள், நல்லதை நல்லது என்றாள். நடை தெளிவு, வழக்குகளைத் தேர்ந்தெடுத்த விதம் அருமை. எல்லாம் உண்மைதான். அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவள் அடுத்த தாளைத் திருப்பினாள்.

"ஒரு கேள்வி," என்றாள். "வாங்குறவரை ஏன் டென்மார்க்குல வச்சே?"

அவன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி நிமிர்ந்தான். "நடுவுல கடல் இருக்கு. பழம் அழுக நேரம் கிடைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"லூபெக்குக்கும் கடல்தானே?"

"லூபெக்ல எனக்கு யாரையும் தெரியாது."

மறுபடி சிரிப்பு. ரிக்கேவுக்குக் காது சுட்டது. அவள் தாளைப் பார்த்தே கேட்டாள்.

"சரி. இருபத்து மூணாம் பக்கத்தை எடுத்துக்கோ. விக்கிறவர் எந்த நாடு, வாங்குறவர் எந்த நாடுன்னு மெதுவா ஒரு தடவை சொல்லு."

"விக்கிறவர் ஸ்வீடன். வாங்குறவர் டென்..."

பாதியில் நின்றுவிட்டான். வாய் அப்படியே திறந்திருந்தது. சட்டைக் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறுவது எல்லாருக்கும் தெரிந்தது. ரிக்கே இப்போது நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், பார்க்காமல் இருப்பது கோழைத்தனமாகப் பட்டது.

"தொண்ணூத்தி நாலு" என்றான் ஹாம்புஸ்.

"ஆமா."

"வியாழக்கிழமையே பார்த்துட்டியா?"

"ஆமா."

அவன் மெல்லத் தலையசைத்தான். சமையலறைக்கு வராத இரண்டு நாளும், முட்டையைப் பார்த்தே சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் ரிக்கேவுக்கு மூச்சு வந்தது.

குனில்லா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "ஏப்ரல்ல நான் படிச்சப்ப லூபெக்னுதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"யார் மாத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

குனில்லா அவனைப் பார்த்தார். எதிராளியைப் பார்த்தார். எதிராளி எந்த ஊர்க்காரி என்பது அவருக்குத் தெரியும். முப்பது வருஷம் வணிகச் சட்டம் நடத்தியவர், இரண்டு தரப்புக்கும் நடுவில் என்ன ஒப்பந்தம் என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இப்படியே விட்டா தேற மாட்டே," என்றார். "ஆனா இது ஒரு நிமிஷ வேலை. திரும்ப லூபெக்னு போட்டு இன்னிக்கே அனுப்பு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஒருத்தி கேக் பக்கம் கையை நீட்டினாள்.

"இல்ல," என்றான் ஹாம்புஸ். "வாங்குறவங்க ஸ்வென்போர்லயே இருக்கட்டும். நான் விக்கிறவரை மாத்திக்கறேன். ஜெர்மனிக்கு."

நீட்டிய கை திரும்பிப் போனது.

"என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார் குனில்லா. "உடன்படிக்கை பேசாத இடத்துலெல்லாம் விக்கிறவரோட நாட்டுச் சட்டம்தான் வரும். நாப்பது பக்கம் ஸ்வீடன் சட்டம் எழுதியிருக்கே. அத்தனையும் ஜெர்மன் சட்டமா ஆகணும். ஜூன் பத்து வரைக்கும்தான் நேரம். உனக்கு ஜெர்மன் தெரியுமா?"

"பீர் கேக்கத் தெரியும்."

"உன் மாமா தோட்டம் போயிடுமே."

"மாமா ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"வேலை போச்சுன்னா?"

"போகாது," என்றான். கொஞ்சம் யோசித்து, "போனாலும் அவங்களை மாத்த மாட்டேன்" என்றான். சொல்லும்போது அவன் குனில்லாவைப் பார்க்கவில்லை.

குனில்லா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளில் என்னவோ குறித்தார். "எழுதினவர் விருப்பம். ஜூன் பத்து. எதிராளிக்கு வேற கேள்வி இருக்கா?"

ரிக்கேவிடம் இன்னும் இரண்டு பக்கக் கேள்விகள் இருந்தன. பட்டியலில் ஆண்டு தப்பு, முப்பத்தொன்றாம் அடிக்குறிப்பில் புள்ளி இல்லை. அவள் அந்தத் தாள்களை மடித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு வெட்கமாகவும் இல்லை.

"ஒண்ணு இருக்கு," என்றாள். "செமினார் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப நாங்க பேசலாமா?"

"பேசுங்க" என்றார் குனில்லா.

ரிக்கே நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய், எதிராளியின் பக்கத்தை விட்டு, எழுதியவனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஜெர்மன் தெரியும்டா, முட்டாள்" என்றாள்.