பெட்டிங் கடையில் ஒரு வேலை

கட்டிய புருசனைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வேலை தேடித் தரும் ஜொப் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் லண்டன் வெம்பிளியிலேயே செல்வமலர் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இராஜேந்திரனுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு, வழியும் தெரியும். ஆனால் வழியில் பந்தயம் கட்டும் பெட்டிங் கடைகள் இருந்தன. அந்தக் கடைகளின் ரூலெட் சூது மெஷினுக்குள்தான் அவருடைய பலசரக்குக் கடை போனது. சூதை விட்டு இரண்டு வருசமாகிறது, பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்.

வெளியில் இது யாருக்கும் தெரியாது. நெஞ்சு வருத்தத்தால், அதாவது இருதய நோயால், கடையை மூடியதாகச் செல்வமலர் சொல்லிவைத்திருந்தாள். சனமும் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து பார்த்துவிட்டுப் போனது.

அன்று ஜொப் சென்டரில் மேசைக்குப் பின்னால் புதிதாக இருந்தவள் ஜதுர்ஷிகா. கோவிலில் செல்வமலருக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் பாடும் பிரமிளாவின் மகள்.

"அங்கிள், கடை நடத்தின உங்களுக்கு ஏத்த வேலை ஒண்டு வந்திருக்கு. பெட்டிங் கடையில கவுண்டர்."

இராஜேந்திரனின் முகம் செத்துப்போயிற்று. "வேற ஏதும் இல்லையோ பிள்ளை?"

"சும்மா மறுத்தா அரசாங்கம் தாற பெனிபிட் காசை நிப்பாட்டிப்போடுவினம், அங்கிள். காரணம் இருந்தாச் சொல்லுங்கோ, நான் எழுதிவிடுறன்."

அவர் வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே செல்வமலர் அவருடைய முழங்காலை அமுக்கினாள். மகள் மேனுஷாவுக்குக் கலியாணம் பேசி முற்றாகிற நேரம். ஜதுர்ஷிகா தாயிடம் சொன்னால், தாய் கோவிலில் சொன்னால்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"காரணம் ஒண்டும் இல்லைப் பிள்ளை. இவர் போவார்" என்றாள்.

வெளியே வந்ததும் அவர், "மலர், என்னால ஏலாது" என்றார்.

"கவுண்டருக்கு உள்பக்கம்தானே நிக்கப்போறியள்? வேலை செய்யிறவையை அங்க விளையாட விடமாட்டினம்."

அது உண்மைதான். அந்தச் சட்டம் அந்தக் கடைக்கு மட்டும் என்பதும் உண்மை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு அவள் நிம்மதியாகச் சமைத்தாள்.

சில மாதங்கள் அவர் தாக்குப்பிடித்தார். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி, "இண்டைக்கு ஒரு பெடியன் சம்பளம் முழுக்க விட்டிட்டு அழுதவன். காசை வாங்கிப் போட்டது நான்தான்" என்றார். "சாப்பிடுங்கோ" என்றாள் செல்வமலர். அன்றைக்காவது அவள் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். மார்கழியில் அவர் சாப்பாட்டு நேரத்தில் தெருவைக் கடந்து எதிரில் இருந்த இன்னொரு பெட்டிங் கடைக்குப் போகத் தொடங்கினார். மேனுஷாவின் தாலிக்கென்று சேர்த்தது போனது, பேசிய கலியாணமும் குழம்பியது. கடைசியில், "உங்கட முகத்தில முழிக்க ஏலாது" என்று போனில் சொல்லிவிட்டு அவரும் எங்கேயோ போய்விட்டார்.

இந்த முறை செல்வமலர் ஜொப் சென்டருக்குத் தனியாகப் போனாள்.

"அங்கிள் எங்க, அன்ரி?"

அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழுது சொல்லிமுடித்தாள். ஜதுர்ஷிகா கதிரையை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா வேற வேலை பார்த்திருப்பன், அன்ரி. எங்கட அப்பாவும் உந்தச் சூதாலதான் வீட்டை விட்டுப் போனவர். அம்மா வெக்கத்தில, அவர் கனடாவில வேலை எண்டு கோவில்ல சொல்லித் திரியிறா."

போன வெள்ளிக்கிழமைகூடச் செல்வமலர் பிரமிளாவிடம், "கனடாவில அவர் சுகமோ?" என்று கேட்டிருந்தாள். பிரமிளாவும் சிரித்துக்கொண்டே, "ஓம், நல்ல சுகம். உங்கட அவருக்கு நெஞ்சு வருத்தம் எப்பிடி?" என்று கேட்டிருந்தாள்.