வெயிலில் வைத்த பாசி

“பூ வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் மதுரைக்குப் போயி ரத்தம் குடுத்து டெஸ்ட் எடுத்துருவோம் மாமா.”

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று விடிந்ததிலிருந்து அம்மா கருத்தம்மாள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். முருகலட்சுமி கேட்டேவிட்டாள். பூத்தட்டைப் பிடித்திருந்த ஜெகதீஸ்வரனின் கை அப்படியே நின்றது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அவளைக் கட்டப்போகிறவன். அம்மாவும் தன் தாய்மாமனைத்தான் கட்டியிருந்தாள்.

“என் ரத்தத்துல என்ன கொறையக் கண்ட?”

“ஒங்க ரத்தமும் எங்க ரத்தமும் ஒண்ணுதான மாமா. தங்கத்துக்கு வந்தது அதுலதான்.”

தங்கச்சி தங்கலட்சுமியின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. இரண்டு வயதில் அவள் முகத்தில் எள்ளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் வந்தன. தோலுக்கு வெயில் நல்லது என்று அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, பருத்திக்காட்டு வரப்பில் நித்தமும் உட்கார வைத்தாள். புள்ளி புண்ணாகி, புண் கட்டியாகி, ‘வெயில் ஆகாத பிள்ளை’ என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னபோது ஒரு கண் போயிருந்தது. ஒன்பது வயதில் அவளும் போய்விட்டாள்.

எம்.எஸ்சி. படிக்கும்போது முருகலட்சுமி பச்சைப்பாசியைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தாள். உள்ளே டிஎன்ஏ இழை அங்கங்கே ஒட்டிக்கொண்டது. இருட்டில் வைத்த பாதி அநேகமாகச் செத்தது. வெளிச்சத்தில் வைத்த பாதி, அந்த வெளிச்சத்தைக் கொண்டே ஒட்டியதைப் பிரித்து மறுபடி பச்சை பிடித்தது. மனுஷத் தோலுக்கு அந்த வித்தை கிடையாது. பழுதை வெட்டியெடுத்துத் தைத்துக்கொள்ளும். தங்கத்துக்கு அந்தத் தையலும் இல்லை. அப்பாவிடம் ஒளிந்திருந்த குறையும் அம்மாவிடம் ஒளிந்திருந்த அதே குறையும் அவளிடம் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தன. அன்று அந்தப் பாசியைப் பார்க்கப் பார்க்க முருகலட்சுமிக்கு ஆத்திரமாக வந்தது.

“படிச்ச திமிரு,” என்றார் அப்பா சீனிச்சாமி.

“பொம்பள சொல்லி ஊசி குத்திட்டு வந்தேன்னா ஊருல எவன் மதிப்பான்?” என்றான் ஜெகதீஸ்வரன்.

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவ பேச்ச விடு தம்பி. ரத்தத்துல ஒண்ணுமில்ல. நாந்தான் பாவி, பிள்ளைய வெயில்ல போட்டுக் கொன்னேன். நீ பூவ வையி.”

தங்கம் போனதிலிருந்து ஏழு வருஷமாக வாய் திறந்து சொல்லாததை, கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று தூக்கித் தட்டில் வைத்துவிட்டாள்.

“நீ கொல்லலம்மா. ஒனக்குச் சொல்ல ஆளில்ல.” முருகலட்சுமி அம்மாவின் பக்கம் திரும்பினாள். “எனக்குத் தெரியும். தெரிஞ்சே இன்னொன்னப் பெத்து வெயிலுக்கு ஒளிச்சு வைக்க என்னால ஏலாது.”

கதவுக்குப் பின்னால், விடியும் முன்பே கட்டி வைத்த பை இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினாள். தெருக்குழாயடியில், சொட்டுத் தண்ணீர் விழும் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில், உச்சி வெயில் முழுதையும் வாங்கிக்கொண்டு பச்சையாகக் கிடந்தது பாசி.