பல்லி தேர்ந்தெடுத்த லேப்டாப்

பிரிந்து போன பிறகு அம்மாவும் அப்பாவும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் நின்றது ஒரு லேப்டாப் கடையில்தான். அப்போதும் இருவருக்கும் நடுவில் ஆளுயரத்துக்குப் பிரிண்டர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அம்மா இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம். மகள் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நடுவில்.

"மத்தியானம் எனக்கு ட்யூட்டி இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள் அம்மா. அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள்.

"உங்கம்மாவை யாரும் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடலன்னு நீ சொல்லு" என்றார் அப்பா.

இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியமும் மகள் வழியாகத்தான் போய்வந்தது. அவள் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. வாக்கியங்கள் தாமாகவே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

அவளுடைய பட்டப்பெயர் பல்லி. ஆன்லைன் விளையாட்டில் அவள் அணிக்காரர்கள் வைத்த பெயர். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, எதிரி கடந்துபோகிறவரை அசையாமல் நின்று, பின்னாலிருந்து சுடுவது அவள் பாணி. அம்மாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே உடம்பு கூசும். "ஒரு பொண்ணுக்கு வைக்கிற பேரா இது? கேக்கறதுங்க எல்லாம் உச்சு கொட்டுதுங்க" என்பாள். ஆனால் திட்டும்போது அவள் வாயிலும் அதுதான் வரும்.

பல்லிக்குக் கட்டட வடிவமைப்புப் படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டடங்களைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரைய வேண்டும். அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். விளையாடவும் அதே கார்டுதான் வேண்டும் என்பது அவளுக்குக் கிடைத்த பேரதிர்ஷ்டம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், வரைகூடம் மேல்மாடியில், லிஃப்ட் கிடையாது. தினமும் முதுகில் தூக்கிப்போக இலேசானதாக வேண்டும். இலேசானதில் வலு இருக்காது. வலுவானதோ செங்கல் மூட்டை மாதிரி கனக்கும். இரண்டும் சேர்ந்த ஒன்றைத் தேடி விடுமுறை முழுவதும் அவள் இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்திருந்தாள்.

அந்த விடுமுறையில் இன்னொன்றும் நடந்தது. பிறந்தநாளைக்கு மட்டும் போன் செய்து "நல்லா படி" என்று முடித்துக்கொள்கிற அப்பா, லேப்டாப் நான் வாங்கித் தருகிறேன் என்று சொன்னதிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிட ஆரம்பித்தார். டைல்ஸ் கம்பெனியில் விற்பனை மேலாளர். கணினி பற்றி ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் விடாமல் கேட்டார்.

"அந்த கார்டு சூடாகாதா? ஃபேன் சத்தம் கிளாஸ்ல கேக்குமா? சார்ஜர் எவ்வளவு பெருசு? இரு, இரு, மெதுவா சொல்லு, எழுதிக்கறேன்."

அவள் மெதுவாகச் சொன்னாள். அப்பா தன்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டு அவளுக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடிப்பதற்குள் அம்மாவுக்குத் தெரியாமல் மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். கடைசியாக ஒரு மாடலின் பெயரை முடிவாகச் சொன்னபோது, "பலே, கெட்டிக்காரி" என்றார். அந்த வார்த்தையை அவள் இரண்டு நாள் வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது கடைக்குள் அப்பா அந்த மாடல் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. நேராக வாசலோர மேசைக்குப் போனார். அங்கே 'சிறப்புத் தள்ளுபடி' அட்டைக்குக் கீழே ஒரு கறுப்பு லேப்டாப் சிவப்பு விளக்குகளோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூடினால் ஒரு சூட்கேஸ்.

"இதைப் பாரு. கேமிங்னா இதுதான். எவ்வளவு கம்பீரமா இருக்கு."

"இதைத் தூக்கிட்டு மாடி ஏறினா எம் பொண்ணுக்குக் கூன் விழுந்துரும்" என்றாள் அம்மா. மெலிதாக, வெள்ளித் தட்டு மாதிரி இருந்த ஒன்றை அவள் ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தாள். "இது போதும். அழகா பைக்குள்ள போயிரும். கேமும் கீமும் இதுல ஓடாது. ரொம்ப நல்லதா போச்சு."

"உங்கம்மா ஸ்கேன் சென்டர்ல டோக்கன் போடறதுக்கு அது சரி."

"உங்கப்பா டைல்ஸ் விக்கிற மாதிரியே எதையாவது பளபளன்னு காட்டித் தலையில கட்டப் பார்க்கறாரு. ஏமாந்துராதே."

விற்பனையாளர் ஓடி வந்தார். டை கட்டிய இளைஞர், புன்னகையைக் காலையிலேயே மாட்டிக்கொண்டு வந்தவர் போலிருந்தார். குடும்பச் சண்டைகள் அவருக்குப் புதிதல்ல போலும். யார் பணம் கொடுக்கப் போகிறவர் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்து அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

பல்லி தான் தேடி வைத்திருந்த மாடலின் பெயரைச் சொன்னாள்.

"அது ஸ்டாக் இல்லம்மா" என்றார் அப்பா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இன்னும் கேக்கவே இல்லையே."

அப்பா வாயைத் திறப்பதற்குள் விற்பனையாளர் முந்திக்கொண்டார். உதவி செய்கிற உற்சாகத்தில் அவர் முகம் மலர்ந்திருந்தது. "ஆமா மேடம், கடைசிப் பீஸை சார்தான் போன வாரம் எடுத்துட்டுப் போனாரு. கையில கணக்கா எழுதி எடுத்துட்டு வந்து ஒண்ணொண்ணா செக் பண்ணி வாங்கினாரு. என்ன சார், தம்பிக்குப் பிடிச்சிருந்ததா?"

அப்பா தள்ளுபடி அட்டையைப் படிக்க ஆரம்பித்தார். சிவப்பு விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தன.

தம்பி என்றால் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா இப்போது வாழ்கிற வீட்டில், அவருடைய மனைவிக்கு முதல் திருமணத்தில் பிறந்த பையன் ஒருவன் இருந்தான். அவனும் இந்த வருடம் கல்லூரிக்குப் போகிறான். அம்மாவும் மகளும் அவனைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. 'அந்த வீட்டுப் பையன்', அவ்வளவுதான்.

முதலில் சத்தம் வந்தது அம்மாவிடமிருந்து. அவள் சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அடிப்பாவி, வாராவாரம் மாடிப்படியில போய் உக்காந்து குசுகுசுன்னு பேசினது இதுக்குத்தானா? அந்த வீட்டுக்கு நீ ஓசியில டியூஷன் எடுத்திருக்க!"

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தேயிருந்திருக்கிறது. பல்லிக்குக் காது மடல் எரிந்தது. யார் மேல் முதலில் பாய்வது என்று ஒரு கணம் புரியவில்லை.

"நான் சொன்னதெல்லாம் அவனுக்காகத்தான் கேட்டீங்களா?"

"அப்படி இல்லம்மா. ரெண்டு பேருமே இந்த வருஷம் சேர்றீங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியல. உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. கடையில ஒண்ணுதான் இருந்துச்சு…"

"ஒண்ணுதான் இருந்துச்சு. அதை அவனுக்கு எடுத்தீங்க."

"அவன் நான் தினமும் முகம் பாக்கற பையன். நான் அந்த வீட்டுல இருக்கணும் இல்ல?" சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கறுப்பு லேப்டாப்பை அவசரமாக அவள் பக்கம் திருப்பினார். "இது என்ன மட்டமா? அதைவிடப் பெரிய ஸ்க்ரீன்."

அம்மா குனிந்து மகள் காதில் சொன்னாள், அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி. "ரோஷப்பட்டுட்டு வெளிய போயிராத. எது கிடைக்குதோ வாங்கிட்டு வா. இன்னிக்கு விட்டா அந்த ஆள் சுண்டுவிரலைக்கூட நீட்ட மாட்டாரு."

பல்லி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவருக்கு அவளைச் சமாளித்து அனுப்ப வேண்டும். மற்றவருக்கு அவளை வைத்து ஜெயிக்க வேண்டும். விளையாட்டில் இப்படி இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டால் அவள் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். இன்று ஒட்டப் பிடிக்கவில்லை.

"அவனுக்குப் போன் போடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"லேப்டாப் எப்படி இருக்குன்னு கேக்கணும். நான் பார்த்து வெச்சதுதானே?"

அப்பா மறுத்தார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். பக்கத்து மேசையில் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த தம்பதி திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பொது இடத்தில் மானம் போவதுதான் அப்பாவுக்கு உலகத்திலேயே பெரிய பயம். எண்ணை அழுத்தி போனைக் கொடுத்தார்.

"சொல்லுங்கப்பா" என்றது ஓர் இளம் குரல். எவ்வளவு சுலபமாக, எவ்வளவு பழகிய வாயோடு அந்த 'அப்பா' வந்தது. அவள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

"அப்பா இல்ல. அவரோட பொண்ணு."

"ஓ… சொல்லுங்க."

"போன வாரம் வாங்கின லேப்டாப் நல்லா ஓடுதா?"

"சூப்பரா ஓடுது." பையன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தான், யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவன் மாதிரி பொழிந்தான். "என் ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் இந்த மாடலே தெரியல. அப்பாதான் எனக்காக ஒரு மாசமா உக்காந்து தேடிக் கண்டுபிடிச்சாராம். அவருக்கு கம்ப்யூட்டர் இவ்வளவு தெரியும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது."

பல்லி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை மிக மெதுவாக, வேண்டாம் என்பதுபோல ஆட்டினார். அவர் அவளிடம் கெஞ்சுவதை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. அவர் லேப்டாப்பை மட்டும் கொண்டுபோகவில்லை. அவளுடைய விடுமுறையையும் கொண்டுபோய், தன் உழைப்பு என்று பெயரெழுதி அந்த வீட்டில் கொடுத்திருக்கிறார். அதற்குப் பதிலாக ஒரு 'அப்பா'வை வாங்கியிருக்கிறார்.

"அவருக்கு ரேமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள். "வேணும்னா இன்னிக்கு வந்ததும் கேட்டுப் பாரு. தேடினது நான். எனக்காகத் தேடினேன். உனக்கு வாங்கப் போறாருன்னு எங்கிட்ட சொல்லல."

"எனக்குத் தெரியாதுங்க" என்றான் சின்னக் குரலில். "சரி, வெக்கறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"இப்போ திருப்தியா?"

"ம். ரொம்ப."

அது பொய்யல்ல. உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்துதான் போனது. அந்தப் பையனின் 'தெரியாதுங்க' மட்டும் ஒரு முள் மாதிரி ஓரத்தில் குத்திக்கொண்டிருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள்.

"எந்தக் கண்றாவி வேணுமோ எடுத்துக்க" என்றார் அப்பா. "சீக்கிரம் முடி."

அவள் சீக்கிரம் முடிக்கவில்லை. கடையை ஒரு முனையிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். கார்டு சரியில்லாதவற்றைத் தொடவே இல்லை. சரியாக இருந்தவற்றைத் திறந்து தட்டிப் பார்த்தாள், திரையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள், விளையாட்டை ஓடவிட்டு அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்று கொஞ்சம் பிடித்தது. அதைத் தன் பையில் போட்டு, சார்ஜரையும் திணித்து, முதுகில் மாட்டிக்கொண்டு கடையின் உள்படிக்கட்டில் ஏறினாள். விற்பனையாளர் "மேடம், மேடம், டிஸ்ப்ளே பீஸ் மேடம்!" என்று அலறிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். மேலே போய்த் திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள். மூன்றாம் தடவை அவர் கீழேயே நின்றுகொண்டார். அம்மா கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தாள். அப்பா யாருக்கோ போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை, திரும்பத் திரும்பச் செய்தார்.

"இது" என்றாள் பல்லி. முதலில் பார்த்து வைத்ததைவிடக் கொஞ்சம் கனம்தான். தோள் தாங்கும்.

அப்பா எது என்றுகூடப் பார்க்காமல் பேங்க் கார்டை நீட்டினார். வாரண்டிக்கு ஒரு போன் நம்பர் வேண்டும் என்றார்கள். அவர் தன் நம்பரைச் சொல்ல ஆரம்பிக்க, அவள் குறுக்கே தன்னுடையதைச் சொன்னாள். "ஏதாவது ரிப்பேர்னா நானே வந்து பாத்துக்கறேன்."

வாசலில் அப்பா செருமினார். "ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்."

"எதைப் பத்திப் பேசறதுக்கு?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில் அம்மா டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டாள். பிறகு திடீரென்று, "அந்தப் பையன்கிட்ட அப்படிப் போட்டு உடைச்சிருக்க வேணாம். அவன் என்ன பண்ணான், பாவம்" என்றாள்.

பல்லிக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "நீ மட்டும் கடைக்கு நடுவுல வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிக்கலாமா? அவனுக்குப் பாவம் பாக்கற. எனக்குப் பாத்தியா?"

"நான் அந்த ஆளைப் பாத்துச் சிரிச்சேன்."

"என்னையும்தான் சிரிச்ச."

அம்மா அதை மறுக்கவில்லை. இறங்கும் இடம் வந்ததும் ஸ்கேன் சென்டர் பக்கம் வேகமாக நடந்தாள். இரண்டடி போய்த் திரும்பி, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்று கோபமாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை பல்லி புது லேப்டாப்பில் விளையாட்டை ஏற்றி உள்ளே நுழைந்தாள். "பல்லி வந்துட்டாடா!" என்று காதுக்குள் கூச்சல் எழுந்தது. படம் பளிச்சென்று இருந்தது, ஒரு இடத்திலும் திக்கவில்லை. ஆனால் புது விசைகள் விரலுக்குப் பழகவில்லை. முதல் ஆட்டத்தில் சொந்த அணிக்காரனையே சுட்டாள். அடுத்ததில் ஒளிந்திருந்த சுவரைவிட்டுத் தவறி நடுத்தெருவில் போய் நின்றாள்.

"யாரு நீ? பல்லியோட பாட்டியா? லேப்டாப்பக் கொண்டுபோய்க் கடையிலயே குடுத்துரு!" என்று அணித்தலைவன் காது கிழியக் கத்தினான்.

"வாயை மூடுடா, வெண்ணெய்! நீ மட்டும் என்ன கிழிச்ச, ஆரம்பத்துலயே செத்து விழுந்தவன்தானே?" என்று அவள் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திட்டினார்கள். அவள் நான்கு பேரையும் ஒரே நேரத்தில் திட்டினாள். தொண்டை கட்டிப்போகிறவரை திட்டிவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்து, "சரி, இன்னொரு ஆட்டம்" என்றாள்.