ஒரு வீட்டில் மட்டும் முடிந்த உலகம்

சொன்னபடியே ஒரு வியாழக்கிழமை முற்பகலில் உலகம் முடிந்தது. ஆனால் சொன்னவனின் வீட்டில் மட்டும். அவன் ஊரறிந்த பிரசங்கி. அந்த நாளில் சூரியன் கறுக்கும், நட்சத்திரங்கள் உதிரும், மனிதர் எல்லாரும் பெயர் சொல்லி அழைக்கப்படுவார்கள் என்று வருடக்கணக்காகத் தொண்டை கிழியச் சொல்லிவந்தான். அவனுடைய அக்கா வானாராய்ச்சி நிலையத்தில் சூரியனைக் கவனிக்கும் விஞ்ஞானி. அம்மா போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான்; அதிலேயே கல்யாண வயது கடந்துவிட்டது. சூரியனுக்கு இன்னும் பல நூறு கோடி ஆண்டு ஆயுள் இருக்கிறது, இதை நம்பி யாரும் வீடு வாசலை விற்க வேண்டாம் என்று பத்திரிகையில் எழுதினாள். தம்பியின் பேரை எடுக்கவில்லை. ஆனாலும் அவனுக்குச் சுருக்கென்றது. அன்றோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது.

அந்த வியாழக்கிழமை சபையார் மைதானத்தில் கூடி நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பிரசங்கி வரவே இல்லை. பசியெடுத்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். அதே நேரம் அவன் வீட்டின் மேல் வானம் தார் பூசியதுபோல் கறுத்தது. முற்றத்தில் நட்சத்திரங்கள் விழுந்து, கொஞ்ச நேரம் கனன்று, கரித்துண்டுகளாக ஆறின. மதில் வரைக்கும் இருட்டு, மதிலுக்கு இந்தப் பக்கம் பளீரென்ற பகல். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலாகக் கட்டியிருந்த கொடியில் பாதித் துணி காய்ந்தது, பாதி ஈரமாகவே கிடந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவள் கொடியை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டாள்.

அக்கா கருவிகளோடு வந்து அளந்தாள். கேட்டுக்கு உள்ளே சூரிய ஒளி துளிகூட இல்லை. நிலையத்தில் கருவி கோளாறு என்றார்கள். கருவியை மாற்றி அளந்த பிறகும் அதையேதான் சொன்னார்கள். தம்பி பாசம் கண்ணை மறைக்கிறது என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், மதியச் சாப்பாட்டுக்கு அவள் மேசையில் உட்காருவதை விட்டார்கள். சபைப் பெரியவர்களோ, ஒரே வீட்டுக்குள் அடங்குகிற முடிவு வேதத்தில் இல்லை என்று கைகழுவிவிட்டு வேறு பிரசங்கியைத் தேடிக்கொண்டார்கள்; அவர் வேறு தேதி சொன்னார்.

அக்கா தினமும் கேட்டருகில் நின்று கூப்பிட்டாள். தம்பி வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அவளுக்கு ஊடாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தினாலும் அசையவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தால் தெரு இல்லை. சாம்பல் மட்டும் இருந்தது. பஸ் சத்தம், காக்கைச் சத்தம் ஒன்றும் இல்லை.

அவன் அவளைப் பார்த்து மெல்ல எழுந்தான். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான்.

"உன்னையும் கூப்பிடலையாக்கா?"

எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு, ஊருக்கெல்லாம் சேதி சொன்ன தன்னை மட்டும் மறந்துவிட்டார்கள் என்று அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். வரும்போது யோசித்துவைத்த நியாயத்தையெல்லாம் விட்டுவிட்டு அவள் அவன் தோளைப் பிடித்தாள்.

"யாரையும் கூப்பிடலடா. எல்லாரும் வெளியதான் இருக்காங்க. பஸ் ஓடுது. உன் சபையில புது மைக் செட் வாங்கியிருக்காங்க."

"ஆறுதலுக்குச் சொல்லாதக்கா."

"நான் என்னிக்குடா உனக்கு ஆறுதலா பேசியிருக்கேன்?"

அவன் சிரித்துவிட்டான். அவள் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். கேட்டைத் தாண்டியதுமே அவன் கண்ணுக்கு அவள் மறைந்துபோனாள்; அவனுக்கு அங்கேயும் சாம்பல்தான். பட்டப்பகலில் நடுத்தெருவில் நின்று, சந்தையில் தொலைந்த குழந்தை மாதிரி, "அக்கா, அக்கா" என்று அலறினான். அவள் கையை விடாமல், "இங்கதான்டா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அவன் காதில் விழவில்லை. கடைசியில் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே வாடகை அறையைக் காலி செய்து, பெட்டியும் ஸ்டவ்வுமாக அங்கேயே குடிவந்தாள். காலையில் போய்ச் சூரியனைப் பார்ப்பாள். சாயங்காலம் சூரியன் இல்லாத வீட்டுக்குத் திரும்புவாள். வெளியே நடந்ததைச் சொல்வாள். தன் பேச்சைக் கேட்டு வீட்டை விற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவன் ஒவ்வொருவராக விசாரிப்பான். வாடகைக்கு அல்லாடுகிறார்கள், உன்னைச் சபிக்கிறார்கள் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அன்றெல்லாம் அவன் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

வருடங்கள் ஓடின. உலகம் முடிந்த வீட்டுக்கு எதிர்வீடு என்று தெருவில் வழி சொல்லிப் பழகிவிட்டார்கள். அக்கா ஓய்வு பெற்ற அன்று கடைசியாகத் தொலைநோக்கியில் சூரியனை ஆசை தீரப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நாளைக்குச் சீக்கிரம் போகணுமா?"

"இனிமே போக வேண்டாம்டா."

அவன் உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து, சாம்பலைப் பார்த்தாற்போல் வாசலில் போட்டான். அவள் உட்கார்ந்தாள். தெருவோடு போனவர்கள், பதில் வராது என்று தெரிந்தும், இருவருக்கும் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.