நாணலுக்குள் யார்?

கூடாரத்து வாசலில் காப்பி கொதிக்கும்போதே அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. அகன்ற ஜாடிக்குள் யாரோ ஊதுவதுபோல், ஏரி முழுக்க அதிர்ந்தது.

"மாடுதான்டா. சேத்துல மாட்டிக்கிட்டுக் கத்துது," என்றாள் குன்வோர்.

"தேசியப் பூங்காவுக்குள்ள மாடு எங்கேர்ந்துக்கா வரும்? பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர் பாட்டில்ல ஊதறாரு." தம்பி தோர்கெல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் அவனுக்கு இடது காது போய்விட்டது. சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து என்பது தெரியாது. வழக்கம்போல் அக்காதான் கையை நீட்டிக் காட்டினாள்.

இருவரும் மொறுமொறு ரொட்டியைக் கடித்துக்கொண்டே கிளம்பினார்கள். சதுப்பின்மேல் போட்டிருந்த பலகைப் பாதையில் நடந்து, பைன் மரக் குன்றில் ஏறினார்கள். முன்னால் கேட்ட சத்தம், குன்றைத் தாண்டியதும் பின்னால் கேட்டது. பறவை பார்க்கும் கோபுரத்தில் அந்த ஜெர்மன்காரர் தொலைநோக்கியோடு நின்றிருந்தார்.

"பாட்டில் இல்லடா. பாவம், மனுஷன்மேல பழி போட்டுட்ட," என்றாள் குன்வோர்.

அவரும் நாணற்காட்டைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

மதியம் இருவர் துடுப்புப் போடும் கயாக் படகில் இறங்கினார்கள். தோர்கெல் முன்னால், குன்வோர் பின்னால். கிட்டே நெருங்கியதும் சத்தம் நின்றுவிட்டது.

"துடுப்பைத் தட்டாத!"

"நான் எங்க தட்டினேன்? உன் வாய்தான் பெருசு."

படகைச் சும்மா மிதக்க விட்டார்கள். காற்று அடங்கியது. நாணல்கள் ஒவ்வொன்றாக அசையாமல் நின்றன. ஒன்று மட்டும் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான் தோர்கெல் மூச்சடக்கி, "அந்த நாணலுக்குக் கண்ணு இருக்கு."

கொக்கைப்போல ஒரு பறவை. உடம்பெல்லாம் காய்ந்த நாணல் நிறக் கோடுகள். அலகை வானத்துக்கு நீட்டியபடி, மஞ்சள் கண்ணால் இவர்களையே பார்த்தது. நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு இவர்கள் இருப்பதை மறந்ததுபோல் தலையைத் தாழ்த்திக் காற்றை விழுங்கியது. கழுத்து உப்பியது. அது முழங்கியபோது கயாக்கின் அடிப்பகுதி தொடையோடு சேர்ந்து அதிர்ந்தது.

குன்வோருக்குச் சிரிப்பு வந்தது. தோர்கெல் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம்னு இப்ப எனக்கே தெரியுதுக்கா. வயித்துல கேக்குது."

இத்தனை வருடமாகக் கையை நீட்டிக் காட்டியவளுக்கு, அவனுக்கு அது எப்படிக் கேட்கிறது என்று ஒருதடவைகூட விசாரிக்கத் தோன்றியதில்லை.

"மத்த நேரத்துல எப்படிடா இருக்கும்?"

"எல்லாரும் என் வலது தோள்ல உக்காந்துக்கிட்டுப் பேசுவாங்க. நீயும்தான். கொஞ்சம் கனம்."

குன்வோர் துடுப்பை மடியில் கிடத்தி, உள்ளங்கையால் இடது காதை இறுக்கிப் பொத்திக்கொண்டு, பறவை மறுபடி முழங்கக் காத்திருந்தாள்.